கல்லறைச் சிற்பங்களைக் கண்டெடுத்த பெல்சோனி



இத்தாலி நாட்டின் பதுவா நகரில் 1778ஆம் ஆண்டு பிறந்தவர் ஜியோவானி பெல்சோனி. இவர் தந்தையார் முடிதிருத்தும் தொழிலாளி. ஆறரை அடி உயரமும் மிக்க உடல் வலிமையும் கொண்ட பெல்சோனி, பிழைப்பை நாடி 1803இல் இங்கிலாந்து சென்றார். அங்கு ஒரே வேளையில் பத்துப் பேருக்கு மேல் தூக்கி நடந்து, மக்களை மகிழ்வித்து வயிறு வளர்த்தார்.

நீர் இறைக்கும் பொறிகளைப் பற்றியும் அவர் கற்றிருந்தார். தாம் அமைத்த பொறியை எகிப்து ஆட்சியாளருக்குக் காட்ட 1815இல் அந்நாடு சென்றார். பொறி ஏற்கப்படவில்லை. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. 1816இல் ஏறத்தாழ ஏழு டன் எடையுள்ள மன்னர் சிலையின் தலைப்பகுதியை, உருளைக் கட்டைகளின் மேல் தொழிலாளர்களைக் கொண்டு இழுத்து நைல் நதிக்கரை சேர்த்தார்.

1817 அக்டோபரில் அரசர் பள்ளத்தாக்கில் முதலாம் சேத்தி மன்னரின் கல்லறையைக் கண்டார். 3,200 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடையது அது. சுண்ணாம்புக்கற் சுவர்களில் தெய்வங்களும் மன்னரும் புடைப்புச் சிற்பங்களாக வண்ணத்துடன் ஒளிர்ந்தனர். ஓர் அறையில் கோட்டுருவங்கள் மட்டுமே இருந்தன. சிவப்பு மையால் வரைந்து, கருப்பு மையால் திருத்தி, பின்னரே உளியால் செதுக்கி வண்ணம் தீட்டினர் என்பதை அவ்வறை புலப்படுத்தியது.

அவ்வழகை உலகுக்குக் காட்ட விழைந்த பெல்சோனி, ரிச்சி என்னும் ஓவியருடன் சிற்பங்களைப் படியெடுத்தார். வெப்பத்தால் மெழுகு உருகியதால், அதனுடன் குங்கிலியமும் நுண்ணிய தூளும் கலந்து அச்சுகள் எடுத்தார். அந்தோ! காக்க எண்ணிய கைகளே கேடும் செய்தன. மெழுகுடன் பழைய வண்ணமும் பல இடங்களில் பெயர்ந்து வந்துவிட்டது. பின்வந்தோர் சிலர் சிற்பங்களையே அறுத்தெடுத்துச் சென்றனர்.

1821இல் இலண்டனில் பெல்சோனி நடத்திய கண்காட்சியில், கல்லறையின் இரண்டு அறைகள் முழு அளவில் மீண்டும் உருவாக்கப்பட்டிருந்தன. மக்கள் திரண்டு வந்து கண்டு வியந்தனர். பின்னர் ஆப்பிரிக்காவின் உட்பகுதியை அறியப் புறப்பட்ட அவர், 1823 டிசம்பரில் பெனின் பேரரசில் வயிற்றுக்கடுப்பு நோயால் உயிர் துறந்தார்.

அன்று வரைந்த படங்கள் பல பிரிஸ்டல் அருங்காட்சியகத்தில் உள்ளன. சுவரில் மறைந்த வண்ணங்களை இன்று அறிஞர்க்கு உணர்த்துவன அவையே. மாணவர்களே, ஏழைக் குடியிற் பிறந்தும் விடாமுயற்சியால் உயர்ந்தார் பெல்சோனி. அவர் ஊக்கத்தைப் பின்பற்றுவோம். பழம்பொருளைத் தொடுமுன் அவர் பிழையையும் நினைவிற் கொள்வோம்.