குடும்ப வழியே வேண்டாம் என்றவர், வேலூருக்கு வந்தது எப்படி? ஐடா ஸ்கடரின் கதை

வேலூர் சிஎம்சி பெயரைக் கேள்விப்படாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. ஆனா, அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், மிஷனரி வாழ்க்கை வேண்டவே வேண்டாம்னு முடிவெடுத்திருந்தவர்.

தாத்தா போட்ட பாதை

ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர், நியூயார்க்கில் டாக்டர். ஒரு நோயாளியின் வீட்டில் படித்த சிறு மதநூல் அவர் மனதை மாற்றியது. 1819-ல் மனைவியோடு இலங்கைக்குக் கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். பிறகு சென்னை வந்தார். அவருடைய மகன்களில் ஏழு பேர் இந்தியாவில் மிஷனரிகள் ஆனார்கள். அதில் ஒருவர் ஐடாவின் அப்பா, அவரும் டாக்டர்தான்.

ஏன் மறுத்தார்?

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா, சின்ன வயதிலேயே பெரும் பஞ்சத்தை நேரில் பார்த்தார். பிறகு அவர் அமெரிக்காவில், பெற்றோர் இந்தியாவில் என்று குடும்பம் பிரிந்திருந்தது. வீட்டில் ஜெபமும் வேதமும் இருந்தன. கூடவே இந்தப் பிரிவும் இருந்தது. படித்து முடித்து அமெரிக்காவிலேயே செட்டில் ஆகணும் என்பதுதான் அவர் கனவு. 1890-ல் திண்டிவனம் வந்ததுகூட, உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான்.

ஒரே இரவு, மூன்று மரணம்

அங்கே ஒருநாள் இரவு, அடுத்தடுத்து மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் சாதி இந்து. அப்பா வரத் தயார் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம், நீங்க வாங்க என்றார்கள் அவர்கள். அவருக்கோ மருத்துவம் தெரியாது. காலையில் மூன்று பெண்களுமே உயிரோடு இல்லை.

அப்பா, அம்மா வற்புறுத்தி நடக்காதது அந்த இரவில் நடந்தது. அமெரிக்கா போய் கார்னெலில் மருத்துவம் படித்து, 1899-ல் டாக்டரானார். 1900-ல் வேலூர் திரும்பினார். அதே ஆண்டு அப்பா இறந்துவிட்டார். வேலையைத் தனியாகவே தொடங்க வேண்டியிருந்தது.

வாரிசு யார்?

1902-ல் மருத்துவமனை, 1909-ல் நர்சிங் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1922-ல் முதல் அணியில் 14 பெண்கள் படித்து வெளியே வந்தார்கள்.

ஐடா கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகள் இல்லை. அவர் பெயரையே கொண்ட, அவரது சகோதரரின் மகள் சிஎம்சியில் டாக்டராகப் பணியாற்றினார். ஆனா நிறுவனத்தை ஐடா குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளவில்லை. பெண்களுக்கென்றே நன்கொடை தந்த அமெரிக்க ஆதரவாளர்கள் சிலர் எதிர்த்தும், ஆண்களையும் சேர்க்கச் சம்மதித்தார். அவருக்குப் பிறகு பொறுப்பு இந்தியரான டாக்டர் ஹில்டா லாசரஸ் கைக்குப் போனது.

1960 மே 24-ல் கொடைக்கானலில் ஐடா காலமானார். தாத்தாவின் நம்பிக்கையை அவர் ஒப்படைத்துவிட்டுப் போனது, தன் ரத்த உறவே இல்லாத மாணவிகளிடமும் மாணவர்களிடமும்.