டிரில் மாஸ்டரை பி.டி. சாராக மாற்றிய அமெரிக்கர்: யார் இந்த ஹாரி குரோ பக்?

ஜனவரி வந்தால் புத்தகக் காட்சிக்காக சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் போகிறோம். தூசி, கூட்டம், பார்க்கிங் எல்லாம் பழகிவிட்டது. நகரத்தின் நடுவில் இவ்வளவு பெரிய திடல் எப்படி வந்தது என்று மட்டும் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. அது ஓர் உடற்கல்விக் கல்லூரியின் வளாகம். ஆசியாவிலேயே இந்த வகையில் முதல் கல்லூரி என்று அறியப்படுவது.

அங்கிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி பாவூர்சத்திரத்துக்கு வாருங்கள். காய்கறிச் சந்தை ஓய்ந்த சாயங்கால நேரம். சுற்றுப்பக்கத்து ஊர்களில் இரண்டு கம்பம் நட்டு, வலை கட்டி, வாலிபால் ஆடிக்கொண்டிருப்பார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ஸ்கூல் பி.டி. சார்.

அந்த பி.டி. சார் என்கிற வேலையே நம் ஊரில் எப்படி வந்தது என்று தேடிப் போனால் நந்தனத்தில்தான் போய் நிற்போம். 1920-ல் அந்தக் கல்லூரியைத் தொடங்கி, 1943-ல் இறக்கும்வரை நடத்தியவர் ஹாரி குரோ பக்.

எங்கிருந்து வந்தார்?

பக் 1884-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் படித்தார். அது சாதாரண இடமில்லை. 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்தது அங்கேதான். அங்கே படித்த வில்லியம் மார்கன்தான் 1895-ல் பக்கத்து ஊரான ஹோலியோக்கில் வாலிபாலை உருவாக்கினார். உடம்பும் மனசும் சேர்ந்து வளர வேண்டும், அதற்கு விளையாட்டு ஒரு பாடம் என்ற எண்ணம் அங்கே ஊறிப்போயிருந்தது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு பக் அதைச் சுமந்துகொண்டு சென்னைக்கு வந்தார்.

சென்னையில் கிறிஸ்தவ இளைஞர் சங்கம், அதாவது ஒய்.எம்.சி.ஏ., 1890-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. ஆனால் பள்ளிக்கூடங்களில் விளையாட்டு நிலைமை வேறு மாதிரி இருந்தது. உடற்பயிற்சி என்றால் டிரில். சொல்லிக் கொடுப்பவர் பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து திரும்பியவர். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கை தூக்கு, கால் மாற்று என்று கட்டளை போடுவார். பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவருக்குத் தெரிந்தது அதுதான். சம்பளமும் குறைவு, மற்ற ஆசிரியர்களிடம் மரியாதையும் குறைவு.

பக் கை வைத்தது இந்த இடத்தில்தான். நல்ல வீரர்களைத் தேடிப் பிடித்துக் கோப்பை ஜெயிப்பதைவிட, நல்ல ஆசிரியர்களை உருவாக்குவது முக்கியம் என்று நினைத்தார். ஒரு வீரன் ஒரு கோப்பையைக் கொண்டு வருவான். ஓர் ஆசிரியர் ஊருக்குப் போய் 30 வருஷம் பிள்ளைகளை விளையாட வைப்பார். இது அன்றைக்குப் புது யோசனை.

தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மாணவர்கள். உடம்பு எப்படி வேலை செய்கிறது என்ற பாடம், விளையாட்டு விதிகள், வகுப்பு எடுக்கும் பயிற்சி என்று மூன்றும் சேர்ந்தது படிப்பு. கிறிஸ்தவ அமைப்பின் கல்லூரிதான், ஆனாலும் எல்லா மதத்தவரும் படித்தார்கள். பர்மா, இலங்கையிலிருந்தும் வந்தார்கள். முடித்துப் போனவர்கள் பல மாகாணங்களில் பள்ளி, கல்லூரி மைதானங்களைப் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள்.

வாலிபால் ஜெயித்தது, பேஸ்பால் தோற்றது ஏன்?

அமெரிக்கர் வந்தார் என்றால் அமெரிக்காவின் செல்ல விளையாட்டான பேஸ்பாலும் நம் ஊரில் பரவியிருக்க வேண்டுமே? பரவவில்லை. காரணம் பணமும் இடமும். பேஸ்பாலுக்கு ஆளுக்கொரு கையுறை வேண்டும், மட்டை வேண்டும், விரிந்த மைதானம் வேண்டும். மட்டையும் பந்தும் வைத்து ஆடும் இடத்தைக் கிரிக்கெட் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தது. வாலிபாலுக்கு ஒரு வலை, ஒரு பந்து போதும். களத்து மேட்டில்கூட ஆடலாம். ஒரே பந்தை வைத்து 12 பேரை விளையாட வைக்க முடியும் என்பது கையில் காசில்லாத பள்ளிக்கு எவ்வளவு பெரிய விஷயம்! தென்மாவட்டங்களில் வாலிபால் இவ்வளவு ஆழமாக வேர் பிடித்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டு விளையாட்டைத் திணித்து நம் சடுகுடுவை ஓரங்கட்டினார்கள் என்று ஒய்.எம்.சி.ஏ. மீது ஒரு விமர்சனம் உண்டு. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மதப் பணியோடு சேர்ந்து வந்த இயக்கம் அது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பக்கின் கல்லூரியில் தண்டால், பஸ்கி, நம் நாட்டு விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் இடமிருந்தது. பல விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட புத்தகம், அவர் இறந்த பிறகும் நெடுநாள் உடற்கல்வி ஆசிரியர்களின் கையில் இருந்தது. ஊருக்கு ஊர் விதி மாறினால் போட்டி நடத்த முடியாது. இரண்டு ஊர்க்காரர்கள் மோதும் மேட்சில் நடுவராக நின்றவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

பாரிஸ் 1924

பக்கின் பெயர் இந்திய விளையாட்டு வரலாற்றில் வருவது ஒலிம்பிக்கால்தான். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்குச் சிலரை அனுப்பி வைக்க தொழிலதிபர் தோரப்ஜி டாடா உதவினார். அடுத்து 1924-ல் டெல்லியில் அகில இந்திய அளவில் தேர்வுப் போட்டி நடந்தது. அதில் தேர்வான தடகள வீரர்களை பாரிஸுக்கு அழைத்துப் போகும் பொறுப்பு பக்கிடம் வந்தது. நீளம் தாண்டுதலுக்கு தலீப் சிங், தடை ஓட்டத்துக்கு சென்னை மாகாணத்தைச் சேர்ந்த சி.கே. லட்சுமணன் என அந்த அணியில் இருந்தார்கள். லட்சுமணன் பின்னாளில் மருத்துவராகி, மத்திய அரசின் சுகாதாரத் துறைத் தலைமை இயக்குநர் பதவிவரை போனவர்.

தடகளத்தில் பதக்கம் எதுவும் வரவில்லை. கப்பலில் பல வாரம் போய், பழக்கமில்லாத ஓடுபாதையில் ஓடியவர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வேறொரு பலன் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு செல்வந்தரின் தயவில் அணி அனுப்பினால் போதாது, மாகாணந்தோறும் அமைப்பு வேண்டும் என்பது தெளிவானது. பக்கும், ஒய்.எம்.சி.ஏ.வின் இன்னொரு அதிகாரியான ஏ.ஜி. நோரனும் மாகாணங்களுக்குப் போய் சங்கங்கள் அமைய வேலை பார்த்தார்கள். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தது. டாடா தலைவர், நோரன் செயலாளர். அடுத்த வருஷமே ஆம்ஸ்டர்டாமில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. அது ஹாக்கிக்காரர்களின் சாதனை, பக் கணக்கில் எழுத முடியாது.

பெரிய பெயர் கிடைத்த பிறகும் பக் டெல்லிக்கோ பம்பாய்க்கோ போய் உட்காரவில்லை. தன் கல்லூரிக்கே திரும்பி, ஆசிரியர்களைத் தயார் செய்யும் வேலையைத் தொடர்ந்தார். மனைவி மேரியும் உடனிருந்து பணியாற்றினார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943 ஜூலையில், 58 வயதில், பக் சென்னையிலேயே காலமானார்.

கணக்கு டெஸ்ட் இருக்கிறது என்று பி.டி. பீரியடைக் கடன் கேட்கும் பழக்கம் இன்னும் நம் பள்ளிகளில் போகவில்லை. கேட்டதும் கொடுத்துவிடும் பி.டி. சார்களும் உண்டு, முறைத்துக்கொண்டு பந்தை எடுத்து வெளியே வரும் சார்களும் உண்டு. பக் பெயரில் அந்தக் கல்லூரி நினைவுப் போட்டிகளையும் நடத்துகிறது. அடுத்த முறை புத்தகப் பையோடு நந்தனம் போகும்போது, ஸ்டால்களைத் தாண்டி உள்ளே கொஞ்சம் நடந்து பாருங்கள். வருங்கால பி.டி. சார்களும் மிஸ்களும் அங்கேதான் பயிற்சி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.