உழைப்பின் மதிப்பை உணர்த்திய இப்னு கல்தூன்

நாடுகளின் செல்வம் பற்றிய தம் நூலை ஆடம் ஸ்மித் வெளியிட்டது 1776-ஆம் ஆண்டில். அதற்கு ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்னரே, மனித உழைப்பே ஈட்டத்தின் ஊற்று என ஆராய்ந்துரைத்த பேரறிஞர் இப்னு கல்தூன் ஆவார்.

1332-ஆம் ஆண்டில் தூனிஸ் நகரில் அவர் பிறந்தார். அவர்தம் முன்னோர் அந்தலூசியாவின் செவில்லே நகரிலிருந்து கடல் கடந்து வந்தோர். 1348-49-இல் பரவிய கொள்ளைநோய் அவருடைய பெற்றோரையும் ஆசிரியர் பலரையும் ஒருசேரக் கொண்டு சென்றது. பின்னர் அரசவைப் பதவிகளையும் பேஸ் நகரச் சிறைவாசத்தையும் மாறி மாறிக் கண்டார்.

1375-இல் அரசியலைத் துறந்து, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு சலாமா கோட்டையில் ஒதுங்கினார். அங்கே 1377-இல், ஐந்தே திங்களில், 'முகத்திமா' உருப்பெற்றது. பொன்னும் வெள்ளியுங்கூட உழைப்பின்றி மண்ணிலிருந்து வெளிவாரா என்பதை அந்நூலில் காண்கிறோம். ஆட்சியாளர் தாமே வாணிகத்தில் இறங்கினாலும் வரிச்சுமையை ஏற்றினாலும் வணிகரின் முதல் கரையும், முயற்சி குன்றும், இறுதியில் அரசின் வருவாயும் குறையும் என்று அவர் காட்டினார். கூலியின்றி மக்களை வேலை வாங்குவதைப் பெருங்கொடுமையாகக் கண்டார்.

தொழில்திறன் ஒரு நாளில் வாய்ப்பதன்று. நல்லாசானிடம் மீண்டும் மீண்டும் பயின்று, இயல்பாகவே படிய வேண்டுவது. தலைமுறைகள் பல வேரூன்றிய திறன், ஊர் நலிந்த பின்னும் நிலைக்கும். இதற்கு அந்தலூசிய நகரங்களையே சான்றாக்கினார். ஆயினும் கற்பிப்போர் தொடர் அறுந்தால் அதுவும் அழியும். கொர்தோவாவும் கைரவானும் பாழானபின் மேற்கு நாடுகளில் கல்வி மரபு குன்றியதை அவர் வருத்தத்துடன் பதிவு செய்தார். இளமையிலேயே ஆசிரியர்களை இழந்தவர் எழுதியது என்பதை நாம் மறத்தலாகாது.

1384-இல் கெய்ரோவில் மாலிக்கி மத்ஹபின் தலைமைக் காழியானார். அவ்வாண்டே, தூனிஸிலிருந்து அவரை நாடி வந்த குடும்பத்தார் கப்பல் மூழ்கி மாண்டனர். அத்துயரிலும் கற்பித்தலை அவர் கைவிடவில்லை. 1406-இல் கெய்ரோவிலேயே மறைந்தார்.

முதலை இழந்த நாடு மீண்டும் ஈட்டலாம். ஆசான் மாணவர் தொடரை இழந்த நாடு எதைக் கொண்டு ஈட்டும்? கல்விக்கூடத்தில் கூடியிருக்கும் நாம், அத்தொடரில் ஒரு கண்ணியாய் நிற்கிறோம் என்பதை உணர்வோமாக!