தந்தை கை தொட்ட துடைப்பம்

1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் காந்தியடிகள் இலங்கைக்கு வருகை புரிந்தார். கதர் நிதிக்காக ஊர் ஊராகச் சென்ற அப்பெரியார் நம் மலைநாட்டை மறந்தாரில்லை. பதுளையிலும் அட்டனிலும் நம் மக்களைக் கண்டு பேசினார். தோட்டத் தொழிலாளர்களும் தங்கள் சொற்பச் சம்பளத்திலிருந்து அந்நிதிக்குக் காணிக்கை அளித்தனர். நாட்டுத் தலைவராக அவரை யாவரும் அறிவர். குடும்பத் தலைவராக அவர் பட்ட பாட்டையும் கற்ற பாடத்தையும் இம்மலரிலே சிறிது கூற விழைகிறோம்.

1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த காந்தியடிகள், 1893இல் வழக்கறிஞராகத் தென்னாப்பிரிக்கா சென்றார். 1898 அளவில் டர்பன் நகரிலே அவருடைய குமாஸ்தாக்கள் சிலரும் அவர் வீட்டிலேயே தங்கியிருந்தனர். அறைகளிலுள்ள கழிவுப் பாத்திரங்களை வீட்டாரே சுத்தம் செய்வது வழக்கம். தாழ்த்தப்பட்ட குலத்துப் பெற்றோருக்குப் பிறந்த குமாஸ்தா ஒருவரின் பாத்திரத்தை எடுக்க நேர்ந்தபோது கஸ்தூரிபாய் கண்ணீர் வடித்தார். அவ்வேலையை முகமலர்ச்சியோடு செய்ய வேண்டுமென்று காந்தியடிகள் வற்புறுத்தினார். சினம் மிகுந்து, மனைவியைக் கையைப் பற்றி இழுத்து, வாயிற்புறம் வரை தள்ளிச் சென்றார். பின்னர் வெட்கித் தலைகுனிந்தார். இக்குற்றத்தைத் தம் சுயசரிதையிலே மறைக்காமல் எழுதியும் வைத்தார். அதிகாரத்தினால் வேலை வாங்கலாம், மனத்தை வாங்க முடியாது என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

சில ஆண்டுகளுக்குப் பின் ஜோகன்னஸ்பர்க் நகரிலே அவர் இல்லம் வேறு விதமாக விளங்கிற்று. 7 பவுன் கொடுத்துக் கோதுமை அரைக்கும் கையியந்திரம் ஒன்றை வாங்கினார். அதன் சக்கரம் கனமானது. ஒருவராய்ச் சுற்றுவது கடினம். காந்தியடிகளும் நண்பர் போலக்கும் சேர்ந்து அரைப்பார்கள். கஸ்தூரிபாயும் சில வேளை கைகொடுப்பார். பெரியவர்கள் சுற்றுவதைக் கண்ட பிள்ளைகள் தாமாகவே ஓடிவந்தனர். அது அவர்களுக்கு விளையாட்டாகவும் தேகப் பயிற்சியாகவும் அமைந்தது. வீட்டில் ஒரு வேலையாள் இருந்தும், கழிவறையை வீட்டாரே கழுவினர். அதனால் அவருடைய புதல்வர் எவருக்கும் அவ்வேலையில் அருவருப்புத் தோன்றவில்லை.

1910ஆம் ஆண்டு, அவர் நண்பர் கலன்பாக் அளித்த சுமார் 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை எழுந்தது. சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. அவர்களுள் தமிழர் பலர். பண்ணையில் வேலைக்காரர் கிடையாது. சமையல் முதல் மலங்கழுவுதல் வரை எல்லாம் அங்குள்ளோர் கைவேலையே. ஆசிரியர் செய்யாத எதையும் பிள்ளைகளிடம் ஏவலாகாது என்பது அங்கே விதி. குழி தோண்டினாலும் மரம் வெட்டினாலும் பிள்ளைகளோடு ஒரு பெரியவர் நின்று வியர்வை சிந்துவார். ஆகவே பிள்ளைகள் முணுமுணுக்காமல் கற்றார்கள்.

அவர் வாழ்விலே ஒரு குறையும் உண்டு. தம் புதல்வருக்குப் போதிய பள்ளிப் படிப்பை அவர் அளிக்கவில்லை; புதல்வர்களும் அதற்காக மனம் வருந்தினர். கைவேலை நன்றே, ஆனால் அது கல்வியின் இடத்தைப் பறிக்கலாகாது என்பதையும் நாம் இங்கே கற்க வேண்டும்.

நம் லயங்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். தாய் விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டி, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலையேறுகிறாள். மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பியதும் பீலித் தண்ணீர், விறகு, அடுப்பு என்று மறுவேலை தொடங்குகிறது. பல வீடுகளில் அவளுக்கு முன்னரே வீடு திரும்பிய தந்தை இஸ்தோப்பில் அமர்ந்திருக்கிறார். மகன் பந்து விளையாடுகிறான். மகளோ புத்தகத்தை மூடிவிட்டுக் குடம் எடுக்கிறாள். பிள்ளைகள் சொற்கேட்பதில்லை என்று நாம் குறைகூறுகிறோம். அவர்கள் கண்ணாலே கேட்கிறார்கள், கண்டதைச் செய்கிறார்கள்.

ஆதலின், பெரியோர்களே, நாளை மாலை வாளியை முதலில் நீங்கள் எடுங்கள். வாலிபச் சகோதரர்களே, சிரமதானத்திலே ஆலய வளவைப் பெருக்கும் நம் கைகள், தாயின் காம்பராவையும் பெருக்கட்டும். தம்பிமார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கையின் புத்தகம் திறந்தே இருக்கட்டும். 1948 ஜனவரி 30ஆம் நாள் மறைந்த அம்மகானுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவேயாகும்.