பொம்மைகளுக்கு வீடு கட்டிய கார்ட்டூனிஸ்ட் சங்கர்

வெள்ளைக்கார வைசிராய்களையும் நம் நாட்டுத் தலைவர்களையும் கேலிச் சித்திரமாக வரைந்து புகழ் பெற்றவர் சங்கர். நேருவும் ஜின்னாவும் அவருடைய தூரிகைக்குத் தப்பவில்லை. ஆனால், டில்லியில் அவர் பெயரை நிலைக்கச் செய்தவை கார்ட்டூன்கள் மட்டும் அல்ல, பொம்மைகளும்தான். பொழுதுபோக்காக ஆரம்பித்த ஒரு காரியம், அவர் தொழிலாக நடத்திய பத்திரிகையைவிட அதிக ஆயுள் பெற்றது.

பிழைப்புத் தேடி வந்தவர்

அவருடைய முழுப் பெயர் கேசவ சங்கரப் பிள்ளை. திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த காயங்குளத்தில் 1902-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி பிறந்தார். பள்ளியில் படிக்கும்போது, வகுப்பில் தூங்கிவிட்ட ஆசிரியரைப் படமாக வரைந்து தலைமை ஆசிரியரின் கோபத்துக்கு ஆளானார். படத்தைப் பார்த்த அவருடைய மாமா மட்டும், பையனிடம் திறமை இருக்கிறது என்று ஊக்கம் கொடுத்தார்.

திருவனந்தபுரத்தில் 1927-ல் பட்டம் பெற்ற சங்கர், சட்டம் படிக்கப் பம்பாய்க்கு ரயில் ஏறினார். படிப்பு முடியவில்லை. பாதியிலேயே அதை விட்டுவிட்டு, ஸிந்தியா கப்பல் கம்பெனி அதிபரிடம் காரியதரிசியாக உத்தியோகம் பார்த்தார். சொந்த ஊரை விட்டு வந்து, பகல் எல்லாம் கடிதமும் கணக்குமாக இருந்த அந்த இளைஞர், ஓய்வு நேரத்தில் படம் வரைந்து பத்திரிகைகளுக்கு அனுப்பினார். அவை பிரசுரமாயின.

அந்தப் படங்களே அவருக்கு வழி திறந்தன. 1932-ல் 'இந்துஸ்தான் டைம்ஸ்' ஆசிரியர் போத்தன் ஜோசப், சங்கரை டில்லிக்கு அழைத்துக் கார்ட்டூனிஸ்டாக நியமித்தார். 1946 வரை அங்கே வேலை பார்த்தார். இடையில் லண்டனுக்குப் போய்ச் சுமார் 14 மாதம் ஓவியம் பயின்று வந்தார். 1948-ல் 'சங்கர்ஸ் வீக்லி' என்ற சொந்த வார இதழைத் தொடங்கினார். அதை வெளியிட்டவர் பிரதமர் நேரு. அதே நேருவை அந்த இதழ் வாராவாரம் கேலி செய்தது. அவரும் அதை ரசித்தார்.

ஹங்கேரியிலிருந்து வந்த பொம்மை

குழந்தைகள் மீது சங்கருக்கு மிகுந்த பிரியம். 1949-ல் அவர்களுக்காக ஓவியப் போட்டி ஒன்றைத் தொடங்கினார். பிறகு அது பல நாட்டுக் குழந்தைகளும் கலந்துகொள்ளும் போட்டியாக வளர்ந்தது. 1950-களின் ஆரம்பத்தில், இந்தப் போட்டியில் பரிசாகக் கொடுப்பதற்காக ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மையைச் சங்கரிடம் தந்தார். அது தன் நாட்டு உடை அணிந்த பொம்மை. அதைப் பார்த்த சங்கரின் மனம் அதிலேயே லயித்துவிட்டது.

அன்று பிடித்த ஆசை பிறகு அவரை விடவில்லை. பிரதமருடன் வெளிநாடு செல்லும் பத்திரிகையாளர் குழுவில் சங்கரும் போவது உண்டு. போன நாட்டில் எல்லாம் அந்த நாட்டு உடை அணிந்த பொம்மையைத் தேடி வாங்கி வந்தார். விரைவிலேயே சுமார் 500 பொம்மைகள் சேர்ந்துவிட்டன.

அவற்றைப் பூட்டி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. குழந்தைகளின் ஓவியங்களோடு பொம்மைகளையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கண்காட்சி நடத்தினார். ஆனால் பெட்டியில் அடுக்குவதும் பிரிப்பதுமாக, பொம்மைகள் சேதம் அடைந்தன. டில்லியில் நடந்த ஒரு கண்காட்சிக்கு நேருவுடன் மகள் இந்திரா காந்தியும் வந்தபோது, சங்கர் தம் கஷ்டத்தைச் சொன்னார். பொம்மைகளுக்கு நிரந்தரமாக ஓர் இடம் அமைக்கலாமே என்று யோசனை சொன்னவர் இந்திரா காந்தி.

1957-ல் சங்கர் குழந்தைகள் புத்தக டிரஸ்டைத் தொடங்கியிருந்தார். பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் அதற்காக எழுந்த நேரு இல்லத்தில் பொம்மைகளுக்கும் இடம் கிடைத்தது. 1965 நவம்பர் 30-ந் தேதி, திருத்தணியில் பிறந்தவரான ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன் சர்வதேசப் பொம்மைக் காட்சிசாலையைத் திறந்து வைத்தார். அப்போது அங்கே இருந்த பொம்மைகள் சுமார் ஆயிரம்.

வாங்கினால் கொடுக்க வேண்டாமா?

பல நாடுகள் பொம்மைகளை அன்பளிப்பாக அனுப்பின. ஜப்பானிலிருந்து சாமுராய் வீரர் வந்தார். ஸ்பெயினிலிருந்து நடனக்காரர்கள் வந்தார்கள். இங்கிலாந்திலிருந்து பழைய ராணிகளின் உருவங்கள் வந்தன. அன்பளிப்பு பெற்றால் பதிலுக்கு நாமும் கொடுக்க வேண்டும் அல்லவா? கடையில் கிடைக்கும் விளையாட்டுப் பொம்மையை இந்தியா என்று சொல்லி அனுப்ப முடியாது.

ஆகவே காட்சிசாலையோடு ஒரு பட்டறையும் ஏற்பட்டது. இந்தியாவின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் எப்படி உடுத்துகிறார்கள், என்ன நகை அணிகிறார்கள், முக அமைப்பு எப்படி என்று ஆராய்ந்து, கையாலேயே பொம்மைகள் செய்தார்கள். மணமக்கள், நாட்டியக்காரர்கள், பல மாநில ஆண் பெண் ஜோடிகள் என்று சுமார் 150 வகைகள் உருவாயின. அவை வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு மாற்றாகப் போயின. விரும்பிச் சேகரிப்பவர்களுக்கு விற்கவும்பட்டன.

இது கேட்பதற்குச் சுலபம், செய்வதற்குக் கடினம். ஐந்தடி உயரப் பெண்ணைப் பத்து அங்குலப் பொம்மையாக்கினால் எல்லாம் ஆறில் ஒரு பங்கு ஆக வேண்டும். ஆறு கஜப் புடவை ஒரு கஜமாகும். மடிசார் கட்டும் ஒன்பது கஜம் ஒன்றரை கஜமாகும். நான்கு அங்குலக் கரை முக்கால் அங்குலத்துக்கும் குறைந்துவிடும். ஆனால் துணியின் கனம் மட்டும் குறையாது. அசல் பட்டை வெட்டிக் கட்டினால் கொசுவம் படியாது. பொம்மை கோணிப்பை சுற்றியது போல நிற்கும். அதனால் மெல்லிய துணியாகவும், சன்னக் கரையாகவும், பொடிப் பூவாகவும் தேட வேண்டும்.

கட்டும் விதம் தவறினால் ஆளே மாறிவிடுவார். ராஜஸ்தானியின் தலைப்பாகை வேறு, பஞ்சாபியின் தலைப்பாகை வேறு. மணிப்பூரின் ராஸ் நடனப் பாவாடை உருளை போல விறைப்பாக நிற்கும். கதகளிப் பாவாடையோ இடுப்பிலிருந்து குடைபோல விரியும். குஜராத்திப் பெண் முந்தானையை முன்புறம் கொண்டுவருகிறாள். தமிழ்ப் பெண் பின்னால் விடுகிறாள். வெளிநாட்டில் இருக்கும் குழந்தைக்கு இந்தப் பொம்மைதான் இந்தியா. அதில் பிழை இருந்தால் ஒரு ஊர் மக்களைப் பற்றியே பிழையாகச் சொன்னதாகிவிடும்.

நவராத்திரிக்குக் கொலு வைக்கும் குடும்பங்களுக்கு இந்த வேலை புதிதல்ல. செஞ்சந்தன மரத்தில் கடைந்த மரப்பாச்சி ஜோடிக்கு ஆண்டுதோறும் புதுத்துணி கட்டி, மணி கோத்து, நகை போட்டு அழகு பார்ப்பது நம் பெண்கள் வழிவழியாகச் செய்துவரும் கைவேலைதான்.

1980-ல் போலந்தின் கிராக்கோ நகரில் நடந்த பொம்மைக் கண்காட்சியில், இந்தக் காட்சிசாலைக்குத் 'தங்க மயிலிறகு' என்ற முதல் பரிசு கிடைத்தது.

பத்திரிகை நின்றது

பொம்மைகளுக்கு இந்தப் பெருமை வருவதற்கு முன்பே சங்கரின் வாழ்க்கையில் ஒரு பெரிய இழப்பு நேர்ந்தது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டுடன் 'சங்கர்ஸ் வீக்லி' நின்றது. சர்வாதிகாரத்தில் சிரிப்புக்கு இடம் கிடையாது என்ற கருத்தைத் தம் கடைசித் தலையங்கத்தில் தெரிவித்துவிட்டு, 27 ஆண்டு உழைப்பைச் சங்கர் மூடி வைத்தார். அப்போது அவருக்கு வயது 73. பொம்மைகளுக்கு வீடு வேண்டும் என்று யோசனை சொன்ன இந்திரா காந்திதான் அப்போது பிரதமர்.

அந்த வயதில் பலர் ஓய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். சங்கர் குழந்தைகளிடம் திரும்பினார். புத்தகங்கள், ஓவியப் போட்டி, பொம்மைகள் மூன்றையும் தொடர்ந்து கவனித்தார். 1956-ல் பத்மஸ்ரீ, 1966-ல் பத்மபூஷண் பெற்றிருந்த அவருக்கு 1976-ல் பத்மவிபூஷண் விருது வந்தது. அடுத்த ஆண்டு போலந்து நாட்டுக் குழந்தைகள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் 'புன்னகை விருது' கிடைத்தது. சிரிப்பை வளர்த்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான விருது ஏது?

1989 டிசம்பர் 26-ந் தேதி சங்கர் காலமானார். அவருக்குப் பின்னும் பொம்மைகள் வந்து சேர்ந்தன. ஒன்றில் தொடங்கிய சேகரிப்பு ஆறாயிரத்தைத் தாண்டியது. சுமார் 85 நாடுகள் அதில் இடம் பெற்றன. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பட்டணத்துக் கல்யாணப் பெண்ணிலிருந்து கிராமத்து உழவர் வரை, நம் நாட்டு மக்களின் உருவங்கள்.