பார்தெலமி போகண்டா: மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தோற்றமும் தனிமனிதத் தலைமையின் எல்லைகளும்

ஆய்வுச்சுருக்கம்

பிரஞ்சுக் குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்ட உபாங்கி-ஷாரி நிலப்பகுதியில் பிறந்து, கத்தோலிக்கக் குருவாகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கி, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசை நிறுவியவர் பார்தெலமி போகண்டா (1910-1959). அவருடைய வாழ்க்கையை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. அவர் வேண்டியது பல நாடுகள் இணைந்த பெருங்கூட்டாட்சி. அவருக்குக் கிடைத்தது அதன் ஒரு துண்டு. அத்துண்டின் ஒற்றுமையும் நிறுவனங்களைச் சாராது அவர் ஒருவரையே சார்ந்து நின்றது. விடுதலைக்குப் பிந்தைய அந்நாட்டுப் பூசல்களைப் புரிந்துகொள்ள இவ்விரு உண்மைகளும் இன்றியமையாதவை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: போகண்டா, உபாங்கி-ஷாரி, மெசான் இயக்கம், குடியேற்ற ஆட்சி, கூட்டாட்சி, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு

முன்னுரை

ஆப்பிரிக்கக் கண்டத்தின் நடுவே, கடற்கரை இன்றி அமைந்துள்ள மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு 1960 ஆகஸ்ட் 13ஆம் நாள் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. 1965ஆம் ஆண்டின் இறுதி இரவிலும், பின்னர் 1979, 1981, 2003, 2013 ஆகிய ஆண்டுகளிலும் அந்நாட்டின் ஆட்சி படைவலிமையால் கைமாறியது. இத்தொடர் நிகழ்வுகளுக்கு இனப்பிரிவு, வறுமை, அயல்நாட்டுத் தலையீடு எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவை புறக்கணிக்கத் தக்கன அல்ல. எனினும், அந்நாடு உருவான முறையிலேயே ஒரு குறை அமைந்திருந்ததா என்னும் வினா எழுகிறது. அவ்வினாவிற்கு விடை காண, நாட்டை நிறுவியவரின் வாழ்க்கையைக் காலவரிசையில் நோக்குதல் பயன் தரும்.

இளமையும் சமயக் கல்வியும்

1899ஆம் ஆண்டளவில் பிரஞ்சு அரசு தன் காங்கோ நிலப்பரப்பைச் சுமார் 40 தனியார் நிறுவனங்களுக்கு உரிமைப்பட்டயங்கள் வழியாகப் பங்கிட்டளித்தது. காட்டு இரப்பரும் யானைத்தந்தமும் அந்நிறுவனங்களின் ஆதாயப் பொருள்கள். ஊர்மக்களின் கட்டாய உழைப்பே அவற்றின் முதல். குறித்த அளவு இரப்பர் கொண்டுவராதவர் தாக்கப்பட்டனர். பிணையாகப் பிடித்து வைக்கப்பட்டனர். பிரஞ்சு எழுத்தாளர் ஆந்திரே ழீத் 1927இல் வெளியிட்ட காங்கோ பயணநூல், இக்கொடுமைகளை ஐரோப்பிய வாசகர்முன் வைத்தது.

இத்தகைய சூழலில், லோபாயே ஆற்றுப்பகுதியைச் சேர்ந்த போபாங்கி என்னும் சிற்றூரில் 1910ஆம் ஆண்டு போகண்டா பிறந்தார். அவர் ங்பாக்கா இனத்தவர். இரப்பர் திரட்டும் நிறுவனத்தின் காவலர்களால் அவருடைய தாய் அடித்துக் கொல்லப்பட்டார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரைக் கத்தோலிக்க மறைப்பணியாளர்கள் ஏற்று வளர்த்தனர். அவருடைய கல்வி பிரசாவில், பெல்ஜியக் காங்கோவின் கிசாந்து, கேமரூனின் யாவுண்டே ஆகிய இடங்களின் குருமடங்களில் தொடர்ந்தது. 1938 மார்ச் 17ஆம் நாள் அவர் குருப்பட்டம் பெற்றார். உபாங்கி-ஷாரி மண்ணின் மைந்தருள் குருவானவர் அவரே முதல்வர்.

இக்கல்வி அவருக்கு இரு பயன்களை அளித்தது. ஆட்சியாளரின் மொழியையும் சட்டச் சொல்லாட்சியையும் அவர் கைவரப்பெற்றார். மேலும், மூன்று குடியேற்ற நிலப்பகுதிகளில் பயின்றமையால், ஐரோப்பியர் வரைந்த எல்லைக்கோடுகளின் இருபுறமும் ஒரேவகை மக்களும் ஒரேவகைத் துன்பமும் இருப்பதை அறிந்தார். பிற்காலத்தில் அவர் முன்வைத்த கூட்டாட்சிக் கொள்கையின் வேர் இங்கு இருப்பதாகக் கருதலாம்.

நாடாளுமன்றமும் மெசான் இயக்கமும்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் குடியேற்ற நிலப்பகுதிகளுக்குப் பிரஞ்சு நாடாளுமன்றத்தில் இடம் அளிக்கப்பட்டது. பாங்கியின் ஆயர் கிராந்தேன் ஊக்குவிக்க, போகண்டா தேர்தலில் நின்று 1946 நவம்பர் 10ஆம் நாள் வெற்றிபெற்றார். தொடக்கத்தில் கிறித்தவ மக்களாட்சிக் கொள்கையுடைய பிரஞ்சுக் கட்சியொன்றில் அமர்ந்தார். கட்டாய உழைப்பு சட்டப்படி 1946இலேயே ஒழிக்கப்பட்டிருந்தும், பருத்திப் பயிரிடலில் அது நடைமுறையில் நீடித்தது. அதனையும், காரணமற்ற கைதுகளையும், நிறவேற்றுமையையும் பாரிசில் தொடர்ந்து கண்டித்தார். அவருடைய குரலுக்கு அங்குச் செவிசாய்ப்போர் மிகச் சிலரே.

பாரிசில் பயன் விளையாது என உணர்ந்த அவர் தம் களத்தைத் தாய்நிலத்திற்கு மாற்றினார். உழவர் தம் விளைபொருளைத் தாமே விற்கும் பொருட்டு லோபாயே பகுதியில் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார். 1949 செப்டம்பர் 28ஆம் நாள் பாங்கியில் கறுப்பு ஆப்பிரிக்கச் சமுதாய மேம்பாட்டு இயக்கத்தை நிறுவினார். பிரஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளால் அது மெசான் என வழங்கிற்று. மனிதராய்ப் பிறந்த எவரும் மனிதரே, அவருள் ஏற்றத்தாழ்வு இல்லை என்னும் கருத்தைச் சாங்கோ மொழியில் எளிய முழக்கமாக்கி ஊர்தோறும் பரப்பினார். உண்ணுதல், உறைதல், உடுத்தல், கற்றல், நோய்நீங்குதல் ஆகிய ஐந்தையும் இயக்கத்தின் குறிக்கோள்களாக வகுத்தார்.

அதே காலத்தில் அவருடைய தனிவாழ்வும் திசைமாறியது. நாடாளுமன்றத்தில் செயலாளராகப் பணிபுரிந்த மிஷேல் ழூர்தேன் என்னும் பிரஞ்சுப் பெண்மணியுடன் கொண்ட உறவால், 1949 நவம்பரில் குருத்துவப் பணியிலிருந்து விலக்கப்பட்டார். 1950 சூனில் அவரை மணந்தார். திருச்சபையின் பாதுகாப்பு நீங்கியமையால் போகண்டா வீழ்வார் என ஐரோப்பிய வணிகர் எதிர்பார்த்தனர். 1951 சனவரியில் பொகாங்கா ஊர்ச்சந்தையில் வணிகருக்கும் உழவருக்கும் இடையே எழுந்த பூசலில் தலையிட்டமைக்காக அவர் கைதுசெய்யப்பட்டார். இரண்டு மாதச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது. விளைவோ வேறாயிற்று. மக்கள் அவரைத் தமக்காகத் துன்புற்றவராகக் கண்டனர். அவ்வாண்டுத் தேர்தலில் அவர் மீண்டும் வென்றார்.

பெர்பெராத்தி நிகழ்ச்சி

1954 ஏப்ரல் 30ஆம் நாள், மேற்குப் பகுதி நகரான பெர்பெராத்தியில் ஐரோப்பியர் ஒருவரிடம் பணிபுரிந்த சமையற்காரரும் அவர் மனைவியும் இறந்துகிடந்தனர். கொலையே நிகழ்ந்தது என நம்பிய மக்கள், அவ்வைரோப்பியரை உடனே கைதுசெய்யுமாறு திரண்டனர், கலகம் மூண்டது. குடியேற்ற ஆட்சியினர் தாம் முன்னர்ச் சிறைக்கு அனுப்ப முயன்ற போகண்டாவையே துணைக்கு அழைத்தனர். அவர் நேரில் சென்று, வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் நீதி ஒன்றாகவே இருக்கும் என உறுதிகூறிய பின் கூட்டம் கலைந்தது.

இந்நிகழ்ச்சி ஒரு திருப்புமுனை. அவரை எதிர்த்து ஆளுதல் இயலாது என்பதை ஆட்சியினர் உணர்ந்தனர். ஆளுநர் லூயி சான்மார்கோவின் காலத்தில் இருதரப்பும் இணக்கமான உறவுக்கு வந்தன. அதேவேளை இதனுள் ஓர் ஆபத்தும் பொதிந்திருந்தது. கலகத்தை அடக்கியது சட்டமோ நீதிமன்றமோ அன்று, ஒரு மனிதரின் வாக்குறுதி. நீதியின் மீது இருக்கவேண்டிய நம்பிக்கை அவர்மீது குவிந்தது.

ஆட்சிப் பொறுப்பும் பொருளியல் திட்டமும்

1956ஆம் ஆண்டுச் சட்டம் குடியேற்ற நிலப்பகுதிகளுக்கு வரம்புக்குட்பட்ட தன்னாட்சியை வழங்கியது. அவ்வாண்டு நவம்பரில் போகண்டா பாங்கி நகரத்தந்தையானார். 1957 மார்ச்சில் நடந்த நிலப்பகுதிப் பேரவைத் தேர்தலில் 50 இடங்களையும் மெசான் கைப்பற்றியது. அவ்வாண்டிலேயே நான்கு நிலப்பகுதிகள் அடங்கிய பிரஞ்சுப் பூமத்திய ஆப்பிரிக்காவின் பெருமன்றத் தலைவராகப் பிரசாவிலில் பொறுப்பேற்றார். பாங்கியின் அரசாங்கப் பொறுப்பை மருத்துவரான ஆபெல் கும்பா ஏற்றார்.

பேரவையில் எதிர்க்கட்சி ஒன்றும் இல்லாத நிலை, போகண்டாவின் புகழுக்குச் சான்றாயினும் ஆட்சிமுறைக்கு நலம் தரவில்லை. ரொழே கெரியோ என்னும் பிரஞ்சு வணிகரின் தூண்டுதலால் பொருளியல் மீட்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. பெரும்பரப்பில் நிலந்திருத்திப் பயிரிடுதல் அதன் திட்டம். எதிர்பார்த்த முதலீடு வரவில்லை. பயிரிடும் கட்டாயம் மட்டும் உழவர்மேல் விழுந்தது. கட்டாய உழைப்பை எதிர்த்து எழுந்த இயக்கத்தின் பெயராலேயே அதன் சாயல் மீண்டும் ஊர்களுக்குள் நுழைந்தமை முரண். கும்பா இத்திட்டத்தை எதிர்த்தார். இறுதியில் கெரியோ உள்நாட்டு ஆட்சியினின்று விலக்கப்பட்டார். தலைவரின் தவற்றைச் சுட்டித் திருத்தும் அமைப்பு இயக்கத்தினுள் வலுவாக இல்லை என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

கூட்டாட்சிக் கொள்கையும் சிறிய குடியரசும்

1958 செப்டம்பர் 28ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில், பிரஞ்சுச் சமூகத்தினுள் தன்னாட்சி பெறுவதை உபாங்கி-ஷாரி பேராதரவுடன் ஏற்றது. அடுத்து எழுந்த வினா, நான்கு நிலப்பகுதிகளும் ஒன்றாக நிற்பதா, தனித்தனியே பிரிவதா என்பது. போகண்டா ஒன்றிணைவையே வற்புறுத்தினார். உபாங்கி-ஷாரி, சாட், நடுக்காங்கோ, காபோன் ஆகிய நான்கும் சேர்ந்து மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு என்னும் ஒரே நாடாதல் வேண்டும் என்பது அவர் திட்டம். பின்னர்ப் பெல்ஜியக் காங்கோ, அங்கோலா, கேமரூன் முதலியவற்றையும் சேர்த்து இலத்தீன் ஆப்பிரிக்க ஐக்கிய நாடுகள் உருவாகவேண்டும் எனக் கருதினார். கடல் இல்லாத, வருவாய் குறைந்த ஒரு நிலம் தனித்து நின்றால் பெயரளவில் மட்டுமே விடுதலை பெறும் என்பது அவருடைய கணிப்பு.

மற்றவர் நலன்கள் வேறாக இருந்தன. மரவளமும் கனிமவளமும் உடைய காபோன், வறிய அயலாரின் செலவைத் தான் ஏற்க விரும்பவில்லை. சாட், காங்கோ ஆகியவற்றின் தலைவர்களும் தத்தம் அதிகாரத்தைப் பகிர முன்வரவில்லை. 1958 நவம்பர் 28ஆம் நாள் அம்மூன்றும் தனித்தனிக் குடியரசுகளாயின. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 1ஆம் நாள், உபாங்கி-ஷாரி மட்டும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு என்னும் பெயரைச் சூடியது. நான்கு நிலங்களுக்கு எண்ணிய பெயர் ஒரு நிலத்திற்கு உரியதாயிற்று. பிரஞ்சுக் கொடியின் நிறங்களையும் ஆப்பிரிக்க ஒற்றுமையைக் குறிக்கும் நிறங்களையும் இணைத்து அவர் வடிவமைத்த கொடியும் அச்சிறிய நாட்டின் கொடியாக இன்றுவரை பறக்கிறது.

மரணமும் மரபுரிமைப் போட்டியும்

1959 பிப்ரவரியில் அரசியலமைப்பு ஏற்கப்பட்டது. ஏப்ரல் 5ஆம் நாள் தேர்தல் குறிக்கப்பட்டிருந்தது. மார்ச் 29ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று, பெர்பெராத்தியிலிருந்து பாங்கிக்குத் திரும்பிய வானூர்தி நொறுங்கி விழுந்தது. போகண்டாவும் உடன்சென்றோர் அனைவரும் மாண்டனர். வெடிபொருளின் தடயம் காணப்பட்டதாகப் பாரிசு வார இதழான லெக்ஸ்பிரஸ் மே மாதத்தில் எழுதியது. அவ்விதழின் விற்பனை பாங்கியில் தடுக்கப்பட்டது. இச்செயல் ஐயத்தை வளர்த்தது. எனினும், கொலை என்பது இன்றுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. ஆய்வாளர் அதனை ஐயமாகவே கொள்ளுதல் முறை.

அடுத்த தலைமைக்குக் கும்பாவும், உள்துறை அமைச்சரான டேவிட் டாக்கோவும் போட்டியிட்டனர். ஆட்சி அனுபவம் கும்பாவுக்கு இருந்தது. போகண்டாவின் உறவினர் என்னும் பெருமையோடு, பிரஞ்சு உயர் ஆணையர், ஐரோப்பிய வணிகர், போகண்டாவின் கைம்பெண் ஆகியோரின் ஆதரவும் டாக்கோவுக்கு வாய்த்தது. டாக்கோவே வென்றார். விடுதலை பெற்ற 1960ஆம் ஆண்டிற்குள்ளேயே கும்பா நிறுவிய எதிர்க்கட்சி தடைசெய்யப்பட்டு அவரும் கைதானார். 1962இல் மெசான் நாட்டின் ஒரே கட்சியாயிற்று. 1965இன் இறுதி இரவில் டாக்கோவைக் கவிழ்த்த படைத்தலைவர் ழான்-பெதல் பொகாசாவும் போகண்டாவின் உறவினரே; அவரும் மெசான் பெயரைக் கைவிடாமல் ஆண்டார். 1977 டிசம்பரில் பேரரசராக முடிசூடியபோதும், சமத்துவத்தை முழங்கிய இயக்கத்தின் வழித்தோன்றலாகவே தம்மைக் காட்டிக்கொண்டார்.

முடிவுரை

போகண்டாவின் வாழ்க்கையிலிருந்து இருவகை முடிவுகளைப் பெறலாம். முதலாவது, தனித்து நிற்கும் சிறிய நாடு பிறர் கையை எதிர்நோக்கியே வாழும் என்னும் அவருடைய கணிப்புப் பெரிதும் மெய்யாயிற்று. 1979இல் பொகாசாவை நீக்கி டாக்கோவை மீண்டும் அமர்த்தியது பிரஞ்சுப் படையே. இரண்டாவது, அவர் அமைத்த இயக்கம் அவரை முன்னிறுத்தி வென்றதே அன்றி, அவருக்குப்பின் அதிகாரத்தை நெறிப்படுத்தும் விதிகளை உருவாக்கவில்லை. ஆதலின் அவர் மறைந்தபின், அவருடைய கொள்கையைப் பின்பற்றுவது யார் என்பதை விட்டு, அவருக்கு நெருங்கியவர் யார் என்பதே உரிமையின் அளவுகோலாயிற்று. அவர் வாழ்ந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்னும் கருத்து அந்நாட்டில் வலுவாக உள்ளது; 1957-58ஆம் ஆண்டுகளின் பொருளியல் குழு அனுபவம் அதனை முழுமையாக ஏற்கத் தடையாகிறது.

2013இல் சமய அடையாளத்தின் பெயரால் கிறித்தவரும் இசுலாமியரும் அந்நாட்டில் ஒருவரையொருவர் அழித்தபோது, போகண்டாவின் கொடியும் அவர் இயற்றிய நாட்டுப்பண்ணும் மாறாமல் இருந்தன. மார்ச் 29ஆம் நாள் இன்றும் அவர் நினைவுநாளாகப் போற்றப்படுகிறது. அவர் பெயரைப் போற்றுதல் எளிதாயிற்று. எல்லா மனிதரும் மனிதரே என்னும் அவர் கொள்கையைச் சட்டமாகவும் நீதிமன்றமாகவும் நிலைநிறுத்துதல் இன்னும் முடிவுறாப் பணியாகவே உள்ளது.