நீதிமன்ற வாயிலில் அண்ணல் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வட்டமேசை மாநாட்டையும் பௌத்தத்தையும் விரித்துரைப்பர். யாம் இங்கே அவரை நீதிமன்ற வாயிலில் கண்டு நிற்க விழைகின்றோம்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் நகரில் பிறந்த அப்பெருமகனார், இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று, 1923இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். தீண்டத்தகாதவர் என்று கருதிச் சொலிசிட்டர்கள் அவருக்கு வழக்குத் தரத் தயங்கினர். 1927 மார்ச்சில் மகாடு நகரின் சவுதார் குளத்தில் தம் மக்களோடு நீர் பருகினார். குளம் தனியார் உடைமை என்று சாதி இந்துக்கள் வழக்கிட்டு, இடைக்காலத் தடையும் பெற்றனர். அவர் அத்தடைக்குக் கட்டுப்பட்டார். ஒரு கை நீருக்கான அவ்வழக்கு உயர்நீதிமன்றத்தில் வெற்றியோடு முடிய 1937 ஆகிவிட்டது!

நம் பகுதியின் நிலையையும் இங்கே எண்ணுதல் தகும். திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டக் கலெக்டர் திரமென்கீரின் அறிக்கையை ஒட்டி, 1892 முதல் நம்மவர்க்குப் பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. வருவாய் அதிகாரியின் ஆணையால் ஒருவர் தம் நிலத்தை இழந்தால், நீதிப்பேராணை வேண்டி உயர்நீதிமன்றத்தை அணுக இயலாது. அவ்வதிகாரம் பொதுவாகச் சென்னை நகர எல்லையோடு நின்றது என்று 1943இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் 226ஆம் பிரிவோ, வருவாய் பற்றிய செயல்களை உயர்நீதிமன்றம் நேரடியாக விசாரிப்பதையே விலக்கியது. வரி தண்டி வாழ்ந்த ஆட்சியின் கொள்கை அது.

அண்ணல் வரைவுக் குழுத் தலைவராய் இருந்து உருவாக்கிய அரசியலமைப்பு, 1950 சனவரி 26 முதல் அவ்விரு தடைகளையும் நீக்கிற்று. மாநிலம் முழுமைக்கும் பேராணை வழங்கும் அதிகாரத்தைத் தந்த உறுப்பின் எண்ணும் 226 ஆக அமைந்தது வியப்பே.

ஆயினும் அவ்வாண்டே அவ்வாயில் வழியே வந்த பெருவழக்கு நமக்கு எதிராயிற்று. பதினான்கு இடங்களில் இரண்டை நம்மவர்க்கு ஒதுக்கிய சென்னை அரசின் வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராசன் எதிர்த்தார். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாகவே தெரியவில்லை. எனினும் மன்றம் வழக்கை ஏற்றது, அரசும் அதனை மறுக்கவில்லை. எவ்வழக்கு செவிமடுக்கப்படும் என்பதில் சட்டநூலோடு காலத்தின் கொள்கையும் கலந்தே நிற்கிறது என்பது எம் கருத்து. மகாடு மக்கள் பத்தாண்டு காத்திருந்தனர். இங்கோ 1950 சூலையில் உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் ஆணையை வீழ்த்திவிட்டன.

சட்ட அமைச்சராயிருந்த அண்ணல், முதல் திருத்தத்திற்காகப் பாராளுமன்றத்தில் வாதாடினார். 1951 சூனில் 15ஆம் உறுப்பில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. அவ்வாண்டிலேயே அமைச்சர் பதவியைத் துறந்தார். 1956 திசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த ஊர்களிலிருந்து, பஞ்சமி நிலம் குறித்த அரசாணையை எதிர்த்து உயர்நீதிமன்றம் செல்பவரின் மனுவிலும் அந்த 226 என்னும் எண்ணே எழுதப்படுகிறது.